என் முகத்துக்குப் பயந்த மனிதர்

மலாயாவின் எமர்ஜென்சி காலத்தில், ஐம்பதுகளின் தொடக்கத்தில், ஈஜோக் பக்கம் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் நடந்தது இது. அசாம் ஜாவாவில் பிறந்து வளர்ந்த நான், கல்யாணமாகி அந்தத் தோட்டத்துக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். காலையில் பால் மரம் வெட்ட, அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுக்கப் போகிறவர்களைக் கேட்டில் நிறுத்திச் சோதனை போட்ட பிறகுதான் அனுப்புவார்கள். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்பதால் ஒரு பிடி சோறுகூட வெளியே கொண்டுபோக முடியாது. சாயங்காலம் கேட்டைப் பூட்டிவிட்டால் அவ்வளவுதான், அவரவர் வீட்டுக்குள் அடங்கிவிட வேண்டும்.

என் கணவர் நன்றாகப் பேசுவார். அவர் வேலை முடிந்து வருவதற்காக நான் காத்திருந்ததே அந்தப் பேச்சுக்காகத்தான். வேலை வாங்கும் மண்டோர் எப்படிச் சத்தம் போட்டார், கணக்கெழுதும் கிராணி எப்படிச் சேற்றில் வழுக்கி விழுந்தார் என்று நடித்தே காட்டுவார். முதல் குழந்தை வயிற்றில் இருந்ததால் நான் அப்போது மரம் வெட்டப் போகவில்லை. நாள் முழுக்க மரச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அவர் வாய் திறந்தால்தான் உலகமே உள்ளே வரும்.

அவருக்கு ஒரு கூட்டாளி இருந்தார். இரண்டு பேருக்கும் காட்டோரத்தில் பக்கத்துப் பக்கத்து மர நிரை. ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். அந்தக் கூட்டாளிக்கு மனைவியும் ஒரு கைக்குழந்தையும் உண்டு. எங்களைப் போலவே கிறிஸ்தவக் குடும்பம், வேதக்காரர்கள். மாதம் ஒரு முறை சாமியார் வந்து பூசை வைக்கும்போது நானும் அந்தப் பெண்ணும் ஒரே பாயில்தான் உட்கார்ந்திருப்போம்.

ஒரு நாள் வேலைக்குப் போன கூட்டாளி திரும்பி வரவில்லை.

போலீஸும் பட்டாளமும் வந்து தேடின. ஆள் கிடைக்கவில்லை. ஒரு தடயமும் கிடைக்கவில்லை. என் கணவரைக் கூட்டிக்கொண்டு போய் விசாரித்தார்கள். தான் அன்று மேட்டுப் பக்கம் வெட்டிக்கொண்டிருந்ததாகவும் எதையும் பார்க்கவில்லை என்றும் சொல்லிவிட்டு வந்தார். நானும் அதைத்தான் நம்பினேன். பிணம் கிடைக்காததால், அந்த ஆள் காட்டுக்குள் போய் அவர்களோடு சேர்ந்துகொண்டான் என்று பேச்சு கிளம்பியது. அப்புறம் கேட்க வேண்டுமா? அந்தப் பெண்ணின் வீட்டை அடிக்கடி சோதனை போட்டார்கள். கேட்டில் மற்றவர்களை விட்டுவிட்டு அவளை மட்டும் நிறுத்தி வைத்தார்கள். லயத்தில் யாரும் அவளோடு வெளிப்படையாகப் பேசுவதில்லை. அவளும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. மத்தியானம் மரம் வெட்டுகிறவர்கள் திரும்பும் நேரத்தில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டுக்குப் பக்கத்தில் நிற்பாள். வருகிற ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாள். எல்லாரும் வந்து முடிந்ததும் திரும்பிப் போவாள்.

அவள் கணவன் காட்டோரத்தில் காணாமல் போனான் என்றால் என் கணவர் வீட்டுக்குள்ளேயே காணாமல் போய்விட்டார். அன்றிலிருந்து பேச்சே இல்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார், சாப்பிட மாட்டார். "என்னங்க ஆச்சு?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல." உடம்புக்கு முடியவில்லையா என்றால், "ஒண்ணுமில்ல." கருவாட்டுச் சம்பல் வைத்துப் பார்த்தேன். கல்யாணச் சேலையைக் கட்டிப் பார்த்தேன். வயிறு தெரிய ஆரம்பித்ததால் என்னைப் பிடிக்காமல் போய்விட்டதோ என்றுகூட நினைத்து அழுதிருக்கிறேன். அழுகையை அவர் முன்னாலேயே கொட்டுவேன். எனக்கு அதில் எந்தக் கூச்சமும் இருந்ததில்லை.

பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னபோது, "ஆம்பளைங்க அப்படித்தான் லா. வயித்துக்கு ஒழுங்கா ஆக்கிப் போடு, தானா சரியாவாரு" என்றார்.

ஆகவில்லை.

லயத்துக் கடைசியில், வேலிக்கு உள்ளேயே எங்களுக்கு ஒரு சின்ன மாட்டுக் கொட்டகை இருந்தது. கறவை மாடு ஒன்று வைத்திருந்தோம். மத்தியானத்துக்கு மேல் அவர்தான் பால் கறப்பார். கொஞ்ச நாளாக அங்கே போனால் திரும்பி வர ரொம்ப நேரமாகிறது என்பதைக் கவனித்தேன். ஒரு நாள் மழை இருட்டிக்கொண்டு வந்தது. மாட்டுக்குப் புண்ணாக்குத் தண்ணீர் கலந்து வாளியில் எடுத்துக்கொண்டு நானே போனேன்.

கொட்டகை வாசலுக்கு வந்தபோது உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. யாரோடு பேசுகிறார் என்று எட்டிப் பார்த்தேன். வேறு யாரும் இல்லை. மாட்டின் வயிற்றில் நெற்றியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாதி கறந்த செம்பு தரையில் இருந்தது.

"கூப்புட்டான். என்னையத்தான் கூப்புட்டான். நான் திரும்பலையே. நான் திரும்பவே இல்லையே..."

தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அப்பா அழுதும் நான் பார்த்ததில்லை, அண்ணன்மார் அழுதும் பார்த்ததில்லை. எல்லாவற்றையும்விட ஒன்றுதான் என்னைச் சுட்டது. எனக்கு ஒரு வார்த்தை இல்லை, பூசைக்கு வந்த சாமியாருக்கும் இல்லை. மாட்டுக்கு மட்டும் இத்தனை வார்த்தையா?

வாளியை வேண்டுமென்றே தூணில் இடித்துவிட்டு உள்ளே போனேன். சட்டென்று எழுந்து துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"இங்க எதுக்கு வந்த? வீட்டுக்குப் போ!"

"மாட்டுக்கிட்ட சொல்றீங்க. எங்கிட்ட சொல்லக் கூடாதா?" என்றேன். என் குரலில் கோபம்தான் இருந்தது.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மாடு என்னையப் பாத்து, நீயெல்லாம் ஒரு ஆம்பளையான்னு கேக்காது புள்ள."

கோபம் அத்தனையும் வடிந்துவிட்டது. அவர் முன்னால் அழ நான் ஒரு நாளும் பயந்ததில்லை. என் முன்னால் அழ அவருக்குப் பயம் இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

கை சும்மா இருக்க முடியாமல் செம்பை எடுத்துக்கொண்டு மாட்டின் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தேன். அங்கிருந்து அவர் முகம் எனக்குத் தெரியாது. என் முகமும் அவருக்குத் தெரியாது. பாலைக் கறந்துகொண்டே, "நானும் கேக்க மாட்டேன். சொல்லுங்க" என்றேன்.

மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில், பக்கத்தில் யார் நின்றாலும் எங்கள் பேச்சு கேட்டிருக்காது. அந்தத் தைரியமோ என்னவோ, அவர் சொல்ல ஆரம்பித்தார்.

அன்று அவர் மேட்டுப் பக்கம் போகவே இல்லை. வழக்கம்போல் கூட்டாளியோடு காட்டோரத்தில்தான் வெட்டிக்கொண்டிருந்தார். புதரிலிருந்து துப்பாக்கியோடு ஆட்கள் வந்தார்கள். பட்டாளத்துக்குப் பாதை காட்டிக்கொடுத்தவன் என்று சொல்லிக் கூட்டாளியைப் பிடித்துக்கொண்டார்கள். இவரைப் பார்த்து, திரும்பாமல் நடந்து போ, திரும்பினாலும் சரி, வெளியே சொன்னாலும் சரி, உன் வீட்டுக்கு வருவோம் என்றார்களாம்.

"நடந்தேன் புள்ள. அவன் மச்சான்னு கூப்புட்டான். நடந்தேன். மறுபடியும் மச்சான்னான். கால் பாட்டுக்கு நடந்துக்கிட்டே இருக்கு. அப்புறம் ஒரு வெடிச் சத்தம்."

நான் கறப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவரும் நிறுத்திவிடுவார் என்று பயம்.

"அதுக்கப்புறம் என்ன பண்ணேன் தெரியுமா? மிச்ச மரத்தையும் வெட்டினேன். பாலை எடுத்துக்கிட்டுப் போய் ஸ்டோர்ல ஊத்தினேன். கை கொஞ்சம்கூட நடுங்கல. நான் மனுசனா?"

எனக்குள் முதலில் எழுந்த நினைப்பை மறைக்காமல் எழுதுகிறேன். நல்லவேளை, இவர் திரும்பவில்லை என்றுதான் நினைத்தேன். செத்தவனுக்காக மனம் அழுதது பிறகுதான். அந்த முதல் நினைப்பையே அவரிடம் சொன்னேன்.

"நீங்க நடந்து வந்ததாலதான் எனக்கு நீங்க இருக்கீங்க. எம் பிள்ளைக்கு அப்பா இருக்காரு. எனக்கு அது போதும்."

அந்தப் பக்கத்திலிருந்து வாய்விட்டு அழும் சத்தம் வந்தது. எழுந்து போய் அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று உடம்பெல்லாம் துடித்தது. போகவில்லை. என்னைப் பார்த்ததும் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் "ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டால்? எட்டித் தொடுகிற தூரத்தில் இருந்த மனிதருக்காக ஏங்கிக்கொண்டு, மழை விடும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு தினமும் அந்த நேரத்துக்கு நானும் கொட்டகைக்குப் போக ஆரம்பித்தேன். நான் கறப்பேன். அவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லுவார். சில நாள் ஒன்றும் சொல்லாமல் எனக்கு முதுகைக் காட்டிப் புல் போடுவார். ஒரு நாள் அவராகவே, "அவ கேட்டுல நிக்கிறதைப் பாக்க முடியல. போய்ச் சொல்லிடட்டுமா?" என்றார்.

போலீஸ் காதில் விழுந்தால், முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று இவரை உள்ளே போடுவார்கள். காட்டுக்காரர்கள் காதில் விழுந்தால் வீட்டுக்கே வருவார்கள். வேண்டாம் என்ற வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அவர் என்னிடம் அனுமதி மட்டும் கேட்கவில்லை என்று புரிந்தது. தனியாகப் போக முடியவில்லை என்பதைத்தான் அப்படிச் சொன்னார்.

"நானும் வர்றேன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் குழாயடியில் தனியாகத் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அவள் இருக்கும்போது மற்றவர்கள் அங்கே வருவதில்லை. குழந்தை பக்கத்தில் தகர டப்பாவைத் தட்டி விளையாடிக்கொண்டிருந்தது. அவள் கையில் இருந்தது ஆண்பிள்ளைச் சட்டை. போட்டுக்கொள்ள ஆள் இல்லாத சட்டையை வாராவாரம் துவைத்து வைக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

எங்களைப் பார்த்ததுமே அவளுக்கு ஏதோ புரிந்துவிட்டது. "உயிரோட இருக்காரா? அதை மட்டும் சொல்லுங்கண்ணே" என்றாள்.

"இல்லம்மா."

அவள் அந்தச் சட்டையைப் பிழிந்துகொண்டே இருந்தாள். தண்ணீர் முழுக்க வடிந்த பிறகும் பிழிந்தாள். என் கணவர் நடந்ததையெல்லாம் சொன்னார். இந்த முறை அவர் எதற்குப் பின்னாலும் ஒளிந்துகொள்ளவில்லை. கண்ணீர் தாடையில் வழிய வழிய, துண்டை எடுக்காமல், இரண்டு பெண்களுக்கு முன்னால் நின்று சொன்னார்.

"யாரையாவது கூப்புட்டாரா?" என்று அவள் கேட்டாள். தன் பெயரைச் சொல்லியிருக்க மாட்டாரா என்ற ஆசை அந்தக் கேள்வியில் இருந்தது. ஆமாம், உன்னைத்தான் கூப்பிட்டான் என்று சொல்லிவிடுங்களேன் என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன்.

அவர் பொய் சொல்லவில்லை. "என்னையத்தான் கூப்புட்டான்மா. நான் திரும்பல."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். என் வயிற்றைப் பார்த்தாள். அப்புறம் அவரிடம் சொன்னாள்.

"திரும்பியிருந்தா இவளும் எங்கூட வந்து கேட்டுல நின்னிருப்பா. இவ்வளவு நாளா இதை வச்சுக்கிட்டா சோறு தின்னீங்க, அண்ணே?"

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. ஈரச் சட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் போய் அவளைப் பிடித்துக்கொண்டேன். என் கணவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டார்.

அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து கேட்டுக்கு வரவும் இல்லை. கலும்பாங் ரயில் நிலையத்தில் வேலை பார்த்த அவளுடைய அண்ணன் கொஞ்ச நாளில் வந்து இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனார். போகும்போது என் காதருகில், "அங்க சாமியார்கிட்ட சொல்லி அவருக்கு ஒரு பூசை வைப்பேன். நீங்களும் இங்க இருந்து செபம் பண்ணுங்க" என்றாள். அவளை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. வெகுகாலம் கழித்து, அந்தக் குழந்தை வளர்ந்து நல்ல வேலையில் இருப்பதாக யாரோ சொல்லக் கேட்டதோடு சரி.

எமர்ஜென்சி முடிந்து, வேலி போய், நாங்கள் கோலசிலாங்கூர் டவுனுக்கு வந்து வீடு கட்டி, பிள்ளைகளைக் கரையேற்றினோம். என் கணவர் பழையபடி சிரிக்கப் பேசினார். ஆனால் மனதில் பாரமான ஒன்றைச் சொல்ல வேண்டும் என்றால் மட்டும் வாசலைப் பார்த்தபடியோ, சைக்கிளைத் துடைத்தபடியோதான் சொல்லுவார். நானும் ஏதாவது வேலையைக் கையில் எடுத்துக்கொண்டு, குனிந்தபடியே கேட்பேன். ஒரு நாளாவது என் கண்ணைப் பார்த்துச் சொல்ல மாட்டாரா, என் மடியில் தலையை வைத்து அழ மாட்டாரா என்று கடைசிவரை ஆசைப்பட்டேன். அது நடக்கவில்லை. அவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டது.

அவர் எனக்கு என்ன செய்தார் என்று யாராவது கேட்டால், வீட்டையும் பிள்ளைகளின் படிப்பையும் காட்டலாம். ஆனால் எனக்குள் நான் எண்ணிப் பார்ப்பது, என் முகத்துக்குப் பயந்துகொண்டே அவர் என்னை நம்பிச் சொன்ன அந்தக் கொஞ்சத்தைத்தான். சொல்லாமலே கொண்டுபோனது எவ்வளவோ என்று நினைக்கும்போது, இன்னும் கொஞ்ச காலம் அவர் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் மனம் ஏங்குகிறது.