தவளைக்குப் பயந்த குமுதா

எந்தத் தவளை எதற்கு அக்கா தங்கை, எது ஒன்றுவிட்ட உறவு என்று தெரிய வேண்டுமானால் ஈப்போ நகரில் குமுதாவைத்தான் கேட்க வேண்டும். ஆனால் உயிருள்ள தவளை ஒன்றைக் கையில் கொடுத்துப் பாருங்கள், அந்தப் பெரிய படிப்பாளி மேசைமேல் ஏறி நின்றுவிடுவாள்.

பத்து காஜா ஊர்ப் பக்கம் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர்களின் மகள் அவள். சின்ன வயதில் குளிக்கும்போது ஒரு தவளை பாவாடைக்குள் பாய்ந்தது. அன்று போட்ட கூச்சல் லயத்து வீடுகள் முழுக்கக் கேட்டதாம். அப்புறம் ஏன் இந்தப் படிப்பு என்று கேட்காதவர் கிடையாது. தள்ளி நின்று பார்த்தால் அதைவிட அழகான பிராணி இல்லை என்பாள். தொடுகிற வேலையெல்லாம் ஆய்வுக்கூடத்துப் பத்துமலை அண்ணன் தலையில். அவர்தான் பிடிப்பார். பல்வலிக்குப் போடும் மரப்பு மருந்தைத் தவளையின் வயிற்றில் தடவுவார். அது மயங்கி அப்படியே செத்துப்போகும். அப்புறம் ஒரு துளி ஈரல் சின்னக் குப்பியில் குமுதாவின் மேசைக்கு வரும். அவள் மரபணுவைப் படித்து, வம்ச மரத்தில் அதன் கிளையை வரைவாள்.

போன மாதம் ஒரு கிளை எதனோடும் ஒட்டாமல் தனியாக நின்றது. பழைய ரப்பர் தோட்டத்துக் குட்டையில் கிடைத்த தலைப்பிரட்டையின் வால் நுனியிலிருந்து படித்த மரபணு அது. புது இனம்! ஆனால் வளர்ந்த தவளை ஒன்றாவது கையில் இல்லாமல் பெயர் வைக்க முடியாது. வீடு கட்டுவதற்காகக் குட்டையை மறுநாளே மூடப்போகிறார்கள் என்று தெரிந்தபோது, பத்துமலை டிங்கிக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

"நீதான் போவணும் லா," என்றார் போனில். "கைய நல்லா நனைச்சுக்க. காஞ்ச கை பட்டா அதுக்கு எரியும்."

"அத நான் தொடணுமா அண்ணே?"

அந்தி மயங்கும் நேரம். லோரிகள் கொட்டிய செம்மண் கரையோரம் குவிந்து கிடந்தது. அவள் குட்டைக்குள் காலை வைத்தாள். சேம்பிலை ஒன்றில், அவள் இதுவரை பார்த்த எதிலும் சேராத தவளை ஒன்று உட்கார்ந்திருந்தது. கையை நீட்டினாள், இழுத்துக்கொண்டாள், மறுபடி நீட்டினாள். அது பாய்ந்து அவள் கழுத்தில் ஒட்டிக்கொண்டது.

கத்த வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். கத்தினால் அது ஓடிவிடும். பெயரில்லாமலே மண்ணுக்குள் போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டு, ஈரக் கையை மெல்லக் கழுத்துக்குக் கொண்டுபோனாள்.

காருக்குள் உட்கார்ந்த பிறகு, மூடிய கைக்குள் அதன் நெஞ்சு அடித்துக்கொள்வது தெரிந்தது. அவளுடையதைவிட வேகமாக அடித்தது.

"அண்ணே, புடிச்சிட்டேன்," என்றாள் போனில்.

"அடி சக்கை! மருந்தத் தடவிடு லா."

"கை நடுங்குது."

"அதான் புடிச்சாச்சே, இன்னும் என்ன பயம்?"

"இது அந்தப் பயம் இல்ல அண்ணே. உங்களுக்கு எப்படி நடுங்காம இருந்துச்சு?"

"யாரு சொன்னா? ஒவ்வொரு தடவையும் நடுங்கும். நீயே பயந்தவ. அதான் நான் காட்டிக்கல."

ஆய்வுக்கூடத்து அலமாரியில் வரிசையாக நிற்கும் குப்பிகள் அவள் நினைவுக்கு வந்தன. அத்தனை கிளைகளையும் ஒரு தவளையைக்கூடத் தொடாமலே வரைந்திருந்தாள். புட்டித் தண்ணீரில் கையை மறுபடி நனைத்துக்கொண்டாள். நடுங்கும் விரலால் மருந்தைத் தடவினாள். நெஞ்சு அடிப்பது அடங்கும்வரை அதைக் கீழே வைக்கவில்லை.