சார்லஸ் வண்டிக்கு எந்த பேட்டரி?

காரைக்காலில் எங்கள் தெருவில் யாரும் ஒரு பொருளை நேராகக் கடைக்குப் போய் வாங்கிவிட முடியாது. முதலில் சார்லஸிடம் போக வேண்டும். மிக்ஸி, கட்டில், மூக்குக்கண்ணாடி, எதுவானாலும் அவர் இரண்டு நாள் அவகாசம் கேட்பார். பிறகு நம்மை நாற்காலியில் உட்காரவைத்து, எந்தக் கம்பெனி, எந்த மாடல், அதில் என்ன கோளாறு வரும் என்று பிரசங்கம் செய்வார். எழுந்து வரும்போது நமக்குப் பசி எடுத்திருக்கும். என் வீட்டு வாஷிங் மெஷின் அவர் தேர்ந்தெடுத்ததுதான். துணி பிழியும்போது அது கொல்லையிலிருந்து அடுப்படி வரை நடந்து வருகிறது. புகார் சொன்னேன். வந்து பார்த்தவர், மெஷின் தங்கமானது, உங்கள் வீட்டுத் தரைதான் கோணல் என்றார். காபி குடித்துவிட்டுப் போனார்.

மனிதருக்குக் கீழவாஞ்சூரில் துறைமுகத்துக்குப் பக்கத்து எடைமேடை ஒன்றில் வேலை. நிலக்கரி லாரி ஏறி நிற்கும், கம்ப்யூட்டர் எடையைச் சொல்லும், சார்லஸ் சீட்டைக் கிழித்துக் கொடுப்பார். ஐம்பதை நெருங்கும் வயது, கனத்த சரீரம். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு இஸ்திரி போட்ட சட்டையில் முதல் வரிசையில் நிற்பார். மனைவி டெய்சி கோட்டுச்சேரியில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். காலையில் டெய்சியை பைக்கில் கொண்டுபோய் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டு, திரும்பி வந்து, அரசலாற்றுப் பாலம் ஏறி இவர் வேலைக்குப் போவார். ஆடி மாதம் வரைக்கும் இதில் ஒரு குறையும் இல்லை.

ஆடியில் பைக்கின் பேட்டரி படுத்துக்கொண்டது. முழுசாகச் சாகவில்லை. விளக்கு மினுக்கும், ஹார்ன் கரகரக்கும், செல்ஃப் மட்டும் எடுக்காது. அந்த வண்டிக்குக் கிக்கரும் கிடையாது. மெயின் ரோட்டில் பேட்டரி கடை வைத்திருக்கும் நவநீதனிடம் போனார். நானும் கூடப் போனேன். நவநீதன் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று வழக்கமான லெட் ஆசிட். விலை குறைவு, கனம் அதிகம், வண்டியை ஓட்டாமல் போட்டுவைத்தால் கெட்டுவிடும். இன்னொன்று லித்தியம், கையில் தூக்கினால் காலிப் பெட்டி போல இருக்கும், அதிக நாள் வரும், ஆனால் விலை மூன்று மடங்கு, வண்டியின் சார்ஜிங் சரியாக இல்லையென்றால் அதுவும் போய்விடும். எது வேண்டுமென்று சொன்னால் உடனே மாட்டிவிடலாம் என்றார். சார்லஸ் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தார். புரட்டாசி பிறந்த பிறகும் யோசித்துக்கொண்டிருந்தார்.

ஊருக்கெல்லாம் இரண்டே நாளில் சொல்கிறவருக்குத் தன் வண்டிக்கு மட்டும் ஏன் முடியவில்லை என்று என் மனைவி கேட்டாள். எனக்கு அது அன்றைக்கே புரிந்துவிட்டது. என் மெஷின் நடந்தால் என் தரை கோணல். அவர் பேட்டரி படுத்தால் யார் தரையைக் காட்டுவார்?

இதற்குள் வண்டி ஓடியாக வேண்டுமே. தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். அவரை ஏற்றிவைத்துச் சமதரையில் தள்ள நான்கு பேராவது வேண்டும். சரிவில் என்றால் ஒருவர் போதும். எங்கள் ஊரில் கோலிக்குண்டை எங்கே வைத்தாலும் உருளாது. சரிவு என்று ஒன்று இருந்தால் அது ஆற்றுப் பாலத்தில்தான். ஆகவே வண்டி பாலத்துக்குக் குடிபோனது. சாயங்காலம் எடைமேடைச் சரிவில் உருட்டி ஸ்டார்ட் செய்து வந்து, பாலத்து உச்சியில் ஓரமாக நிறுத்திப் பூட்டிவிட்டு வீட்டுக்கு நடந்து வருவார். காலையில் புருஷனும் பெண்டாட்டியும் பாலத்துக்கு நடப்பார்கள். அவர் ஏறி உட்கார்வார். டெய்சி தோளில் சாப்பாட்டுப் பையோடு பின்னால் நின்று தள்ளுவார். வண்டி உறுமியதும் ஓடிப்போய்ப் பின் சீட்டில் தொற்றிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் எஞ்சின் சூடாகும் முன் நிறுத்தினால் அணைந்துவிடும். வாக்கிங் போகிற நாங்களும் தள்ளியிருக்கிறோம். ஒரு நாள் போலீஸ்காரர் ஒருவர் பாலத்தில் ஏன் வண்டியை நிறுத்துகிறாய் என்று கேட்டார். சார்லஸ் அவருக்கு லித்தியத்தின் குணங்களை விளக்கினார். அந்தப் போலீஸ்காரரை அதற்குப் பிறகு அந்தப் பக்கமே காணோம்.

ஆராய்ச்சி ஒரு பக்கம் நடந்துகொண்டே இருந்தது. லித்தியம் போட்டால் வண்டியில் இரண்டு கிலோ குறையும் என்பதில் அவருக்கு ஒரே பரவசம். தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் நின்று அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாராம். இன்னொரு தோசை போடட்டுமா என்று டெய்சி கேட்டதற்கு, இரண்டு போடச் சொல்லியிருக்கிறார். பிறகு அந்த இரண்டு கிலோவைச் சோதித்தே பார்த்துவிட்டார். லாரி வராத நேரம் பார்த்து எடைமேடையில் பைக்கை ஏற்றினார். பேட்டரியோடு ஒரு தரம், பேட்டரியைக் கழற்றிவிட்டு ஒரு தரம். நிலக்கரி லாரிக்கு வைத்த மேடை அது. இரண்டு தரமும் ஒரே எடையைக் காட்டியது. கனம் ஒரு விஷயமே இல்லை என்று முடிவு செய்து லெட் ஆசிட் பக்கம் சாய்ந்தார். அன்று ராத்திரியே பிரான்சிலிருந்து அவருடைய சித்தப்பா மகன் பிராங்க்ளின் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான்: இங்கே யாருமே லெட் ஆசிட் போடுவதில்லை அண்ணே. மறுபடி லித்தியம்.

இதையெல்லாம் வேடிக்கையாகப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். ஆனால் டெய்சியின் பள்ளியில் தலைமை ஆசிரியை ஓய்வு பெறப்போகிறார் என்று செய்தி வந்தது. அந்த இடத்துக்கு இரண்டு பேர் பெயர் அடிபட்டது. ஒன்று டெய்சி. பதினைந்து வருஷமாக அந்தப் பள்ளியில் அடுத்தவர்களுடைய பாட வேளையையும் சேர்த்து எடுத்தவர். இன்னொன்று நேற்று வந்த பெண், ஆனால் நேரம் தவறாதவள். டெய்சிக்கோ வண்டி தள்ளித் தள்ளி பள்ளியின் விரல் ரேகை மெஷினில் தாமதம் என்று சிவப்பு விழுந்துகொண்டிருந்தது. தாளாளர் திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு நேரில் வரச் சொன்னார். அந்த நாற்காலி தனக்கு வேண்டும் என்று டெய்சி வாய்விட்டுச் சொன்னது என் மனைவியிடம் மட்டும்தான். சொல்லும்போது கண் கலங்கியதாம். கேட்டதும் எனக்குச் சார்லஸ் மேல் கோபம் கோபமாக வந்தது.

திங்கட்கிழமை ஆட்டோவில் போய்விடுகிறேன் என்று டெய்சி சொல்லிப் பார்த்தார். என் மேல் உனக்கு நம்பிக்கை இல்லையா என்று சார்லஸ் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அதற்குள் பேட்டரியே மாட்டிவிடுவதாக வாக்கும் கொடுத்தார். ஞாயிறு பூசை முடிந்து வரும்போது, லித்தியம்தான், முடிவு செய்துவிட்டேன் என்று என்னிடமே சொன்னார். அன்றைக்கு நவநீதனின் கடை விடுமுறை.

மறுநாள் நான் வாக்கிங் போனபோது அவர்கள் பாலத்தில் இருந்தார்கள். டெய்சி நல்ல பட்டுச்சேலை கட்டியிருந்தார். தள்ளினார். வண்டி உறுமியது. ஓடிப்போய் ஏறிக்கொண்டார். அப்பாடா என்று நான் மூச்சுவிட்டேன். இறக்கம் முடிகிற இடத்தில் சார்லஸின் போன் அடித்தது. வண்டியை ஓரம் கட்டினார். எஞ்சின் அணைந்தது. பிராங்க்ளின்தான், அங்கே இன்னும் விடிந்திருக்கவில்லை. அவன் நண்பனுடைய லித்தியம் பேட்டரி குளிரில் எடுக்கவில்லையாம். சார்லஸ் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

காரைக்காலில் புரட்டாசி வெயில் காலை எட்டு மணிக்கே பிடரியில் அடித்துக்கொண்டிருந்தது. "அப்ப குளிரு வந்தா என்னா பண்றது சார்?" என்று அவர் என்னைக் கேட்டார்.

டெய்சி சத்தம் போடவில்லை. "எறங்குங்க" என்றார். மூன்று பேருமாக வண்டியை மறுபடி உச்சிக்கு ஏற்றினோம். சார்லஸ் ஏறப்போனார். டெய்சி அவர் கையிலிருந்து ஹேண்டிலை வாங்கிக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகி, காலைப் போட்டு உட்கார்ந்தார்.

"இப்ப நீங்க தள்ளுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் வண்டியின் பின்பக்கத்தைக் காட்டினேன். தள்ளினோம். டெய்சியை வைத்துத் தள்ளுவது எவ்வளவு சுலபம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டாவது கியரில் கிளட்சை விட்டார், பிடித்துக்கொண்டது, போய்விட்டார். பஸ் ஸ்டாண்ட் பக்கம் திரும்பாமல் கோட்டுச்சேரி சாலையில் நேராகப் போனார். கல்யாணத்துக்கு முன்னால் அவருடைய அப்பா பேக்கரி வைத்திருந்ததும், வீடு வீடாக ரொட்டி போட பைக் ஓட்டியது மகள்தான் என்பதும் அப்புறம் தெரியவந்தது. கல்யாணத்தன்று பின் சீட்டில் உட்கார்ந்தவர், பிறகு யாரும் கேட்காததால் சொல்லவில்லை.

சாயங்காலம் வண்டி பாலத்தில் நிற்காமல் நேராகத் தெருவுக்கே வந்தது. ஹார்ன் கணீரென்று கேட்டது. டெய்சி எஞ்சினை அணைத்தார், பிறகு ஒரே ஒரு தரம் செல்ஃபைத் தட்டிக் காட்டி மறுபடி அணைத்தார். சார்லஸ் ஓடிவந்தார். போன காரியம் என்ன ஆயிற்று என்று கேட்பார் என நினைத்தேன்.

"எந்த பேட்டரி?" என்றார்.

நான்தான் மற்றதைக் கேட்க வேண்டியிருந்தது. "கெடச்சிருச்சு அண்ணே" என்றார் டெய்சி. என் மனைவி சர்க்கரை எடுத்துவர உள்ளே ஓடினாள்.

சார்லஸ் சீட்டைத் தடவிக்கொண்டே நின்றார். லித்தியமா, லெட் ஆசிடா என்றார். வரும் வழியில் கடையில் நவநீதனும் அதையேதான் கேட்டார், கையில் எது இருக்கிறதோ அதை மாட்டுங்கள் என்று சொல்லிவிட்டேன் என்றார் டெய்சி. சார்லஸுக்குத் தாங்கவில்லை. ஒன்றுமே விசாரிக்காமல் ஒரு பொருளை எப்படித் தேர்ந்தெடுக்க முடியும் என்று கேட்டார். அது அவர் உண்மையாகவே கேட்ட கேள்வி.

"எங்கப்பா ரெண்டு போட்டோ கொண்டாந்து வச்சாரு. ஒண்ணு பாண்டிச்சேரி பேங்க்காரரு, ஒண்ணு நீங்க. டீ ஆறுறதுக்குள்ள சொல்லிட்டேன்."

சார்லஸின் முகம் மலர்ந்துவிட்டது. "அது சரியாத்தான போச்சு?"

"ஓடுதுங்க. நான் தள்ளிக்கிட்டுல்ல இருக்கேன்."

சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு டெய்சி உள்ளே போனார். சாவி இன்னும் அந்தப் பையில்தான் இருக்கிறது. சார்லஸ் பஸ்ஸில் வேலைக்குப் போகிறார்.