கோயில் வாசலில் நின்ற எக்ஸ்ரே வண்டி

ரெண்டு வருஷமா எங்க வூட்டுக்காரருக்கு இருமலா இருந்துச்சு. மொதல்ல பனிக் காலத்து இருமல்னு நெனச்சோம். பனி போச்சு, வெயில் வந்துச்சு, இருமல் போகல. அப்புறம் மூச்சு எளைக்க ஆரம்பிச்சுது. மலைமேல பொறந்து வளர்ந்த மனுஷன், கொல்லைக்கும் வூட்டுக்கும் நடுவுல இருக்கிற மேட்டை ஏற முடியாம பாதியில குந்திடுவார். நான் பின்னாடியே போய், பார்க்காத மாதிரி நின்னுக்குவேன். பார்த்தா அவருக்கு ரோசம் வரும்.

என் பேரு அலமேலு. ஜவ்வாது மலையில, அமிர்திப் பக்கம் எறங்கற ரோட்டோரமா எங்க ஊரு. சாமையை மட்டும் நம்பி வருஷம் ஓடாது. அதனால எங்க ஊரு ஆம்பளைங்க பல பேரு அடிவாரத்துல இருக்கிற கல்லு மில்லுக்குப் போவாங்க. வெள்ளைக் கல்லை மாவா அரைக்கிற மில்லு அது. சாயங்காலம் திரும்பி வரும்போது புருவம், கண்ணிமையெல்லாம் வெள்ளையா இருக்கும். மூக்குல துண்டு கட்டிக்குவாங்க, அவ்ளோதான். ஆளுங்க மூச்சு எப்படி இருக்குன்னு அங்க யாரும் ஒரு நாளும் சோதிச்சுப் பார்த்ததில்ல.

மில்லுல இவர் கூட வேலை செஞ்சவர் முனுசாமி அண்ணன். அவருக்கும் இதே இருமல்தான். ரொம்ப முத்தின பிறகு வேலூருக்குக் கூட்டிட்டுப் போய் எக்ஸ்ரே எடுத்தாங்க. நுரையீரல் பூரா கல்லுத் தூசின்னு சொல்லி அனுப்பிட்டாங்க. வந்த கொஞ்ச மாசத்துலயே அண்ணன் போய்ட்டார். அன்னைலருந்து எங்க வூட்டுக்காரர் மனசுல ஒண்ணு பதிஞ்சுபோச்சு. படம் எடுத்தா சாவுதான்.

சுகாதார நிலையத்து நர்ஸம்மா எத்தனையோ தடவை சொன்னாங்க. நானும் கெஞ்சினேன்.

"எனக்கு இன்னா வியாதின்னு எனக்கே தெரியும். அதைப் போய் இன்னொருத்தன் வாயால கேட்டுட்டு வரணுமா? என்னைக் கீழ எறக்காத அலமேலு. நான் இங்கயே இருந்துட்டுப் போறேன்."

இப்படிச் சொல்லிட்டு சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவார். சோறு எறங்கல. உடம்பு பாதியாச்சு. போன ஆடி மாசம் சளியோட ரத்தம் வந்துச்சு. துண்டை மடிச்சு மறைச்சார். நான் பார்த்துட்டேன்.

அதுக்கடுத்த வெள்ளிக்கிழமை காலையில காளியம்மன் கோயிலுக்குப் போனேன். ராத்திரியெல்லாம் பேஞ்ச மழை அப்பதான் விட்டிருந்துச்சு. பூசாரிகூட வரல. கற்பூரம் நமுத்துப்போய் பத்தவே மாட்டேன்னுது. அழுகை பொத்துக்கிட்டு வந்துச்சு. எனக்கு மந்திரம் தெரியாது, பாட்டுத் தெரியாது. பேசற மாதிரிதான் கேட்டேன். "தாயே, இவரைக் கீழ கூட்டிட்டுப் போக என்னால ஆகல. என் வார்த்தை தீர்ந்துபோச்சு. இனிமே நீயே ஒரு வழி பண்ணு."

சொல்லிட்டுக் கண்ணை மூடி உக்காந்திருந்தேன். வெளிய வண்டிச் சத்தம் கேட்டுச்சு. எங்க ஊருக்கு வர்றதே ஒண்ணு ரெண்டு பஸ்ஸுதான், அதுவும் அந்த நேரத்துல இல்ல. எழுந்து வந்து பார்த்தேன். பெரிய வெள்ளை வண்டி ஒண்ணு கோயில் வாசல்ல நிக்குது. கீழ வளைவுல மண்ணு சரிஞ்சு ரோடு அடைச்சுக்கிச்சாம். வண்டியைத் திருப்பறதுக்குத் தோதான எடம் எங்க ஊர்ல கோயில் முன்னாடி மட்டும்தான்.

வண்டியிலருந்து ஒரு டாக்டரம்மா எறங்கினாங்க. கல்லு குவாரி ஆளுங்களுக்கு நுரையீரல் சோதிக்கத்தான் அடிவாரத்துக்குப் போய்ட்டிருந்தாங்களாம். என்னைப் பார்த்து அவங்க கேட்ட மொத வார்த்தை இதுதான்.

"ஏம்மா, இந்த ஊர்ல கல்லு மில்லுக்கு வேலைக்குப் போறவங்க யாராவது இருக்காங்களா? ரோடு சரியாகற வரைக்கும் நாங்க சும்மாதான் நிக்கணும். வரச் சொல்லுங்க, படம் எடுத்துடலாம்."

கோயிலுக்குள்ள திரும்பிப் பார்த்தேன். அம்மன் முகத்தை நேராப் பார்க்க முடியல. அவ்ளோ கிட்டத்துல நின்னு கேட்டிருக்கா. அதை நெனச்சா இப்பவும் உடம்பு சிலுத்துக்குது.

வூட்டுக்கு ஓடினேன்.

"இன்னா, எதுக்கு இப்படி ஓடியாற?"

"மாமா, எக்ஸ்ரே எடுக்கிற வண்டி வந்திருக்கு. அம்மன் கோயில் வாசல்ல நிக்குது."

எழுந்து உக்காந்தார். அப்புறம் மெதுவாக் கேட்டார். "கோயில் வாசல்லயா?"

"ஆமா. இப்பதான் அவகிட்ட கேட்டேன்."

ரெண்டு வருஷமா என் பேச்சுக்கு அசையாதவர், சட்டையை எடுத்து மாட்டிக்கிட்டார்.

நாங்க போறதுக்குள்ள வாசல்ல கூட்டம் சேர்ந்துடுச்சு. கூப்பிட்டு வந்தது யாருன்னா, முனுசாமி அண்ணன் சம்சாரம் லட்சுமி அக்கா. வண்டியைப் பார்த்துட்டு வூடு வூடாப் போய் மில்லு வேலைக்காரங்க எல்லாரையும் எழுப்பிக் கூட்டிட்டு வந்திருக்காங்க. என்னைப் பார்த்ததும் கையைப் புடிச்சுக்கிட்டு, "எங்க வூட்டுக்கு இந்த வண்டி வரலியே அலமேலு"ன்னாங்க. சேர்ந்து அழுதோம்.

மூச்சை அளக்க ஒரு குழாயைக் குடுத்து ஊதச் சொன்னாங்க. இவரால முழுசா ஊத முடியல. அப்புறம் படம் எடுத்தாங்க. டாக்டரம்மா படத்தை ரொம்ப நேரம் பார்த்தாங்க. எதையும் மறைக்காம சொன்னாங்க.

"கல்லுத் தூசி படிஞ்சிருக்குங்க. படிஞ்சதை எடுக்க மருந்து இல்ல. ஆனா உங்களுக்கு அது இன்னும் ஆரம்பம்தான். உங்களை இப்படி உருக்கறது வேற. டிபி மாதிரி தெரியுது. தூசி படிஞ்ச நுரையீரல்ல அது சுலபமாப் புகுந்துடும். சளியை டெஸ்டுக்கு அனுப்பறேன்."

"அப்போ நான் செத்துப்போயிட மாட்டேனா மேடம்?"

"டிபின்னா மருந்து இருக்கு. நடுவுல விடாம சாப்பிடணும். அந்த மில்லுப் பக்கம் மட்டும் இனிமே போகவே கூடாது."

எங்க வூட்டுக்காரர் வண்டிப் படியிலயே குந்திட்டார். இத்தனை நாளா எதைத் தெரிஞ்சுக்கப் பயந்தாரோ, அதுக்குள்ளதான் அவர் உசுரு இருந்திருக்கு.

சளி டெஸ்டுல டிபின்னே உறுதியாச்சு. மாசக்கணக்குல மாத்திரை. வாந்தி வந்தாலும் விடல. நர்ஸம்மா விடவும் விடல. பசி வந்துச்சு, தூக்கம் வந்துச்சு, உடம்புல சதை வெச்சுது. முடிவுல சோதிச்சப்போ டிபி இல்லன்னு சொல்லிட்டாங்க.

இன்னொண்ணும் சொல்லணும். அன்னைக்கு வேடிக்கை பார்க்க வந்தவன் எங்க பங்காளி வூட்டு ரவி. இருமல் கெடையாது, ஒண்ணும் கெடையாது, மில்லுல மூட்டையைத் தூக்கிட்டு ஓடுவான். லட்சுமி அக்காதான் புடிச்சுத் தள்ளி வண்டியில ஏத்தினாங்க. அவன் நுரையீரல்லயும் தூசி படிய ஆரம்பிச்சிருந்துச்சு. அன்னையோட மில்லை விட்டான். நான் ஒருத்தர் மூச்சுக்காகத்தான் கேட்டேன். அம்மன் ஊருக்கே குடுத்தா.

மேடு ஏறினா எங்க வூட்டுக்காரருக்கு இன்னும் கொஞ்சம் எளைக்கும். அது போகாதுன்னு தெரியும். அதோட வாழக் கத்துக்கிட்டோம். கொல்லையில சாமை போட்டிருக்கார், ஆடு வளர்க்கிறார். டாக்டர் சொன்ன தவணைக்கு அவரே பஸ் ஏறி வேலூர் போய் ஊதிட்டு, படம் எடுத்துட்டு வர்றார். போற வழியில நாலு பேரைக் கூட்டிட்டும் போறார்.

நம்ம அம்மன் பிள்ளைங்களுக்கு நான் சொல்றது இதுதான். கல்லுல, தூசியில வேலை செய்யறவங்க உங்க வூட்ல இருந்தா, அவகிட்ட கேளுங்க. தெரிஞ்ச பேச்சுல கேளுங்க, போதும். கேட்டுட்டு எழுந்து போய் மூச்சைச் சோதிச்சுப் பாருங்க. இருமல் வர்ற வரைக்கும் இருக்காதீங்க. பயமா இருந்தா, கூட வர ஆளில்லன்னா எங்ககிட்ட சொல்லுங்க. நானும் லட்சுமி அக்காவும் கூட வர்றோம்.