ஊறுகாய் பக்கெட்டும் அப்பாவின் பியரும்

எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் முகர்ந்து பார்க்கிற உத்தியோகம். அப்போது மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அமெரிக்காவில், சுகர் லேண்டில் எங்கள் வீட்டு கராஜில், ஒரு வெள்ளை பிளாஸ்டிக் பக்கெட்டுக்குள் தலையை விட்டு, மாங்காய் ஊறுகாய் வாசனை இன்னும் இருக்கிறதா, போய்விட்டதா என்று அப்பாவிடம் சொல்ல வேண்டும். சம்பளம் ஒன்றும் கிடையாது. ஆனால் வீட்டில் வேறு யாருக்கும் இல்லாத அதிகாரம். அதை நான் லேசில் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

விஷயம் இதுதான். அப்பா வீட்டிலேயே பியர் தயாரிக்கப் போவதாக அறிவித்திருந்தார். அம்மாவுக்கு அது அடியோடு பிடிக்கவில்லை. "ஊர்ல இதைக் காய்ச்சினா போலீஸ் பிடிச்சிட்டுப் போவான். இவர் கராஜ்ல உக்காந்து காய்ச்சப் போறாராம்," என்று சித்தியிடம் ஃபோனில், அப்பாவின் காதிலும் விழுகிற மாதிரி சொன்னாள். பியரைப் புளிக்க வைக்க மூடி போட்ட பெரிய பக்கெட் வேண்டும். கடையில் புதிதாகவே கிடைக்கும், பெரிய விலையும் இல்லை. அப்பாவோ நாங்கள் பிரியாணி வாங்குகிற ரெஸ்டாரண்டின் பின்வாசலுக்குப் போய், காலியான ஊறுகாய் பக்கெட் ஒன்றை வாங்கி வந்துவிட்டார். "தாராளமா எடுத்துக்கோங்க சார். ஆனா அந்த வாசனை மட்டும் போகவே போகாது," என்று கடைக்கார அங்கிள் சிரித்தார். "பாக்கலாம்" என்றார் அப்பா. அவர் அப்படிச் சொல்லிவிட்டால் அப்புறம் பேச்சே கிடையாது.

அந்த வருஷம் ஊர் உலகத்துக்கெல்லாம் வந்த காய்ச்சல் எங்கள் வீட்டுக்கும் வந்திருந்தது. எனக்கும் அம்மாவுக்கும் வந்த சுவடே தெரியாமல் போனது. அப்பாவுக்குப் போகும்போது மூக்கையும் நாக்கையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. எந்த வாசனையும் தெரியவில்லை, சாப்பாட்டில் உப்புக்கும் காரத்துக்கும் மேல் ஒன்றும் தெரியவில்லை. தானாகவே திரும்பி வரும் என்றார்கள். வராமல் போகவே, டாக்டர் கிராம்பு, எலுமிச்சை, யூகலிப்டஸ் எண்ணெய் என்று சிலவற்றைக் காலையிலும் மாலையிலும் முகர்ந்து பழகச் சொன்னார். அப்பா கொஞ்ச நாள் சின்னச் சின்ன பாட்டில்களை வரிசையாக வைத்துக்கொண்டு முகர்ந்தார். பிறகு அந்த பாட்டில்கள் அலமாரிக்குள் போயின. அவரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை, நாங்களும் எடுப்பதில்லை. வெளியே கிளம்பும்போது மட்டும் கேஸ் அடுப்பைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பார், குனிந்து, கண்ணால்.

ஆகவே பக்கெட்டுக்கு என் மூக்கு. முதலில் சுடுதண்ணீரும் சோப்பும் போட்டோம். நான் தலையை விட்டு, "ஸ்டில் ஸ்டிங்க்ஸ், அப்பா" என்றேன், இன்னும் நாறுகிறது என்று. அந்த நாட்களில் தமிழ் எனக்குக் காதோடு சரி, வாயைத் திறந்தால் ஆங்கிலம்தான் வரும். அடுத்து பேக்கிங் சோடாவைக் கரைத்து விளிம்பு வரை ஊற்றி ஊற வைத்தார். பிறகு வினிகர். பிறகு டெக்சாஸ் வெயிலில் வீட்டு வாசல் டிரைவ்வேயில் கவிழ்த்தும் நிமிர்த்தியும் காய வைத்தார். செய்தித்தாளைக் கசக்கித் திணித்து மூடி வைத்தார். துணிக்குப் போடுகிற ஆக்சிஜன் பவுடரை இரண்டு பொட்டலம் காலி செய்தார். ஒருநாள் நான் உற்சாகத்தில் பச்சை ஸ்க்ரப்பரைக் கையில் எடுத்தபோது பதறிப்போய்ப் பிடுங்கிக்கொண்டார். பிளாஸ்டிக்கில் கீறல் விழுந்தால் அதற்குள் கிருமி குடியேறி பியரைக் கெடுத்துவிடுமாம். மெத்தென்ற துணிதான், அதுவும் வட்டமாகத்தான் தேய்க்க வேண்டும்.

ஒவ்வொரு தடவையும் மூடியைப் போட்டு வைத்துவிட்டு மறுநாள் திறப்போம். மாங்காயும் நல்லெண்ணெயும் பெருங்காயமும் சேர்ந்த அதே வாடை குப்பென்று அடிக்கும். நான் என் தீர்ப்பைச் சொல்வேன். அதற்குப் பிறகு அப்பா செய்கிற காரியம்தான் எனக்குப் பிடிக்காது. அவரும் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு, பக்கெட்டுக்குள் தலையை விட்டு மெதுவாக மூச்சை இழுப்பார். நிமிர்ந்து "சரி, மறுபடி கழுவலாம்" என்பார். ஒன்றும் தெரியாத மூக்கை வைத்துக்கொண்டு என் வேலையைச் சரிபார்க்கிறாரே என்று எனக்கு ரோஷமாக இருந்தது.

அம்மா ஒருநாள் பொறுமை இழந்தாள். சிங்க் முழுக்க பக்கெட் உட்கார்ந்திருந்தது, சமைக்க இடமில்லை. "வாசனை தெரியல, டேஸ்ட் தெரியல, அப்புறம் எதுக்குங்க உங்களுக்கு பியர்?" என்று கேட்டுவிட்டாள். கேட்ட மாத்திரத்தில் அவள் முகம் போன போக்கு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அப்பா பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு கராஜுக்குப் போய்விட்டார். மறுநாள் காலையில் கராஜ் கதவருகே அம்மா வாங்கி வைத்த புது வினிகர் கேன் ஒன்று இருந்தது.

கடைசியில் விஷயத்தைக் கண்டுபிடித்தது நான்தான். சனிக்கிழமை பகலில் அம்மா குக்கர் மூடியைக் கழுவிக்கொண்டிருந்தாள். காஸ்கெட்டைத் தனியாகக் கழற்றி, சாம்பார் வாடை போகவில்லையே என்று முணுமுணுத்தபடி தேய்த்தாள். எனக்குப் பொறி தட்டியது. ஒரு ஸ்பூனை எடுத்துக்கொண்டு கராஜுக்கு ஓடினேன். நினைத்தது சரி. பக்கெட் மூடியின் உள்விளிம்பிலும் ஒரு ரப்பர் வளையம் இருந்தது. ஸ்பூன் காம்பால் நெம்பி இழுத்தேன். உள்பக்கமெல்லாம் எண்ணெய் ஏறி மஞ்சளாக, பள்ளத்தில் மசாலா அப்பிக்கொண்டு, என் கண்ணே கரித்தது. அப்பாவின் முகத்துக்கு நேரே அதை நீட்டி, "அப்பா, இட்ஸ் திஸ்!" என்று கத்தினேன்.

அப்பா வழக்கம்போல அதை வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். அப்படியே நின்றுவிட்டார். மறுபடி இழுத்தார்.

"பெருங்காயம்" என்றார்.

"பிக்கிள்" என்று நான் திருத்தினேன்.

"இல்லடா கண்ணு, பெருங்காயம். பெருங்காயம் வருது!" பிறகு வீடே அதிர அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா சோப்பு நுரை சொட்டும் கையோடு ஓடி வந்தாள்.

"நிஜமாவா?"

"லேசாத்தான். ரொம்ப லேசா. ஆனா வருது."

அம்மா உள்ளே ஓடிப்போய் காபிப்பொடி டப்பாவையும் கிராம்பையும் கொண்டுவந்து நீட்டினாள். அப்பா முகர்ந்துவிட்டுத் தலையை ஆட்டினார், ஒன்றும் தெரியவில்லை. மறுபடி வளையத்தை எடுத்தார், பெருங்காயம் தெரிந்தது. பியர் என்றாலே முகத்தைச் சுளிக்கிற அம்மா கராஜ் படியில் உட்கார்ந்து, ஈரக் கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அப்பா அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த அழுக்கு ரப்பரைக் கீழே வைக்க மனமில்லாமல் திரும்பத் திரும்ப முகர்ந்துகொண்டே இருந்தார்.

நான் மூடி இல்லாத பக்கெட்டுக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். மாங்காய் இல்லை, எண்ணெய் இல்லை, வெறும் பிளாஸ்டிக். "இட்ஸ் க்ளீன்!" என்றேன். ஒருவரும் திரும்பவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னேன். "இருடி" என்றாள் அம்மா, அப்பாவின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

இத்தனை நாள் சோடாவும் வினிகரும் போட்டு வெயிலில் நின்று நாங்கள் விரட்டியது இந்த நாற்றத்தைத்தான். அது எங்கே ஒளிந்திருந்தது என்று கண்டுபிடித்துக் கொடுத்தவள் நான். ஒரு சபாஷ் கிடையாது. அந்த ரப்பரைக் குப்பையில் போடாமல், இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் கையில் வைத்துக்கொண்டு அழுகிறார்கள், சிரிக்கிறார்கள். பெரியவர்களுக்கு எந்த வேலையையும் ஒழுங்காக முடிக்கத் தெரியவில்லையே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.