முன் சீட்டில் கேட்ட என் வலைப்பதிவு

நான் காது கேட்கும் திறனை ஆராய்கிறவள். இரைச்சல் காதை என்ன செய்யும் என்று தமிழில் வலைப்பதிவும் எழுதுகிறேன். "இதையெல்லாம் யார் படிக்கப் போறாங்க?" என்று கூட வேலை செய்பவர்கள் கேட்பார்கள்.

இன்று மாலை தொழிற்சாலைகள் நிறைந்த ஒரகடத்தில் பஸ் ஏறினேன். முன் சீட்டில் கம்பெனி சீருடையில் இரண்டு பெண்கள். ஒருத்தி போனைப் பார்த்துத் தோழிக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினாள்.

என் வரிகள்! படித்துவிட்டு அவளே விளக்கவும் செய்தாள்:

"ஷிப்ட் முடிஞ்சும் காதுல ஙொய்ன்னு கேட்டுகினே இருந்தா சும்மா வுடக் கூடாதாம். எனக்கும் அதேதான்டி. போன வாரம் இத்த சூப்பர்வைசர் கிட்ட காட்டித்தான் காது டெஸ்ட்டுக்குப் போனேன். இப்போ சத்தம் இல்லாத லைன்ல போட்டுட்டாங்க. நீயும் கேளு."

"நாளைக்கே கேக்கறேன்கா" என்றாள் தோழி.

நான் முன்னால் எட்டிப் பார்த்தேன். "அதை எழுதினது நான்தாங்க" என்றேன்.

படித்தவள் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்களா மேடம்? நல்லாதான் எழுதறீங்க. ஆனா இன்னா இவ்ளோ நீளம்? எத்தப் படிச்சாலும் பாதியிலயே ஸ்டாப் வந்துருது."

சொல்லிவிட்டு இருவரும் இறங்கிப் போனார்கள்.

இனிமேல் சுருக்கமாக எழுதலாம் என்றிருக்கிறேன். உங்கள் ஸ்டாப் எவ்வளவு தூரம் என்று சொன்னால் வசதியாக இருக்கும்.