ராஜபாளையம் பஸ்ஸில் வந்த சாமி

காதில் பழைய ஹார்ட் ராக் பாட்டு அலறாவிட்டால் எனக்குக் கதை படிக்க ஓடாது. அன்று காலையும் அப்படித்தான், ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். மடியில் புதிதாக வந்த சிறுகதைத் தொகுப்பு. தோள்வரை வளர்த்த முடிக்குள் இயர்பட்ஸ். கதையில் ஓர் அப்பா மகளை ரயிலேற்றிவிட்டுத் தனியே வீடு திரும்புகிறார். என் கண்ணில் தண்ணீர் வழிகிறது. காதுக்குள் டிரம்ஸ் இடிக்கிறது. என் தலை முடியைச் சிலுப்பிக்கொண்டு ஆடுகிறது.

நிமிர்ந்தால், முன் சீட்டிலிருந்த ஓர் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, என்னைப் பார்த்துக் கைகூப்பி நிற்கிறார்! பதறிப்போய்ப் பாட்டை நிறுத்தினேன்.

"சாமி, எம் மகள சென்னைக்கு வேலைக்கு அனுப்பட்டுமான்னு கேட்டதுக்கு மூணு தடவ தலையாட்டிட்டீக. இன்னொருக்க சொல்லிருங்க, மனசு ஆறிரும்."

கண்டக்டர்கூடப் பயபக்தியோடு, "சாமி டிக்கெட் எடுத்துருச்சா?" என்று பக்கத்தில் விசாரித்தார்.

"ஐயோ, அது பாட்டும்மா" என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த அம்மாவின் பக்கத்தில் இருந்த மகள் என் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்திருந்தது. 'சொல்லிராதீங்க' என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

முடியை இழுத்துக் காதை மூடிக்கொண்டேன். பிறகு நன்றாகத் தலையாட்டினேன்.

எத்தனையோ பாட்டுக்கு ஆடிய தலை இது. பாட்டே இல்லாமல் ஆடியது அந்த ஒருமுறைதான். அதை மட்டும் பொய் என்று சொல்ல எனக்கு இன்றுவரை மனம் வரவில்லை.