அண்ணன் பக்கத்தில் ஒரு கையெழுத்து

1991-ஆம் வருடம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் என் கணவருக்கு ஷிப்ட் வேலை. வாடகை வீட்டில் குப்பை கொட்டியது போதும் என்று, என் நகைகளை விற்று மண்ணூரில் ஒரு மனை வாங்கத் துணிந்தோம்.

கிரய ஒப்பந்தம் எழுத மனைக்காரர் வீட்டுக்கே போனோம். புரோக்கரும் வந்திருந்தார். எங்களுக்கு டீ கொண்டுவந்து வைத்தவர் மனைக்காரரின் தங்கை. கையெழுத்துக்காகவே அவரைப் புகுந்த வீட்டிலிருந்து வரவழைத்திருந்தார்கள். "தங்கச்சியும் சாட்சி கையெழுத்து போட்டுடும். பின்னாடி எதுவும் பேச முடியாது" என்றார் புரோக்கர், எங்களுக்கு ஏதோ சலுகை செய்வதுபோல. அந்தப் பக்கத்தில் அது வழக்கம்தான். பொங்கலுக்குச் சீர் கொண்டுவரும் அண்ணனிடம் எந்தத் தங்கை பங்கு கேட்பாள்? காட்டிய இடத்தில் போட்டுவிட்டுப் போவாள்.

என் கணவர் பேனாவைத் திறந்துவிட்டார். நான் அதை வாங்கிக்கொண்டு முதலில் தாளைப் படித்தேன். மனை, மனைக்காரரின் அப்பா காலத்துக்குப் பின் வந்தது என்று ஒரு வரி. கையெழுத்துக்கு மேலே இன்னொரு வரி: எழுதிக் கொடுப்பவரைத் தவிர வேறு யாருக்கும் இதில் பாத்தியதை இல்லை. எழுதிக் கொடுப்பவர் என்று அண்ணன் பெயர் மட்டுமே இருந்தது. அதே அப்பாவுக்குப் பிறந்த தங்கை, அந்த வரிக்குக் கீழே சாட்சியாகப் போட வேண்டுமாம்.

"இவங்களும் எழுதிக் குடுக்கிறவங்கதானே? அண்ணன் பக்கத்துல போடட்டும்" என்றேன்.

"சாட்சி போட்டாலே ஒத்துக்கின மாதிரிதாம்மா. இன்னா எழுதிகீதுன்னு தெரியாமலா போடும்?" என்று புரோக்கர் சிரித்தார்.

அந்தச் சிரிப்புதான் எனக்குக் கோபத்தைக் கிளப்பியது. என் அண்ணன் எங்கள் அப்பா வீட்டை விற்றபோது நானும் சாட்சிதான். பெரிய மனுஷி மாதிரி கையெழுத்துப் போட்டு, விருந்தும் சாப்பிட்டுவிட்டு வந்தவள். அதில் என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இதை எல்லார் முன்னாலும் அப்படியே சொன்னேன். சாட்சி போட்டால் பிறர் கையெழுத்திட்டதைப் பார்த்ததாகத்தான் அர்த்தம், தன் பங்கைக் கொடுத்ததாக ஆகாது. நாளைக்கு இந்தத் தங்கையின் பிள்ளைகள் வந்து பங்கு கேட்டால் நாங்கள் என்ன செய்வோம் என்றேன். என் கணவருக்கே அந்தச் சாட்சிக் கதை புதுச் செய்தி.

மனைக்காரர் எழுந்துவிட்டார். "இன்னாங்க இது, வூட்டுக்குள்ள சண்ட மூட்றீங்க. இதுக்கு வேற பார்ட்டி ரெடியா கீது."

கணவர் என் முழங்கையைத் தொட்டார். எங்கள் கைக்கு எட்டுகிற விலையில் இன்னொரு மனை கிடைக்காது என்று தெரியும். ஆனாலும் பேனாவை மூடி மேஜைமேல் வைத்தேன்.

அப்போதுதான் தங்கை வாய் திறந்தார். "அந்த அக்கா சொல்றது சரிதாண்ணா. ஃபுல்லா படிக்கச் சொல்லு. கேட்டுக்கினு உன் பக்கத்துலயே போடறேன். எனக்கு இன்னா பங்குன்றதையும் அதுலயே எழுதிடு."

தங்கை அப்படிக் கேட்டு மனைக்காரர் பார்த்ததே இல்லை போலும். மறுபடி உட்கார்ந்தார். பிறகு புரோக்கரிடம், "மாத்தி எழுதுப்பா" என்றார்.

புதுத் தாளில் ஒவ்வொரு பக்கத்திலும், அண்ணன் பெயருக்குப் பக்கத்தில், நிறுத்தி நிதானமாகத் தன் பெயரை எழுதினார் அந்தப் பெண். முடித்துவிட்டு என்னைப் பார்த்து, "உங்க அண்ணன்கிட்ட நீங்க கேக்கலியாக்கா?" என்றார்.

கேட்கவில்லைதான். ஆனால் இன்னொரு பெண்ணின் பங்கை அமுக்கிக்கொண்டு என் வீடு எழும்பவில்லை. அதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கர்வம் வருகிறது, வரட்டும்.